பெயர் மாற்றப்பட்டுள்ளது

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தன் கணவன் பூவரசன் திண்டிவனம் கோர்ட்டுக்கு எதிரே வந்து நின்றதைப் பார்த்ததுமே பிரபாவதிக்கு ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அந்த நேரத்துக்கு அவன் அங்கே வருகிற ஆளே இல்லை. மயிலம் ரோட்டில் இருக்கிற ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டுகிறவன். கூட்டேரிப்பட்டு சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளைக் காலையில் கொண்டுபோய் இறக்கிவிட்டால், வண்டியைத் துடைத்து, டயருக்குக் காற்றுப் பார்த்து, மத்தியானம் சின்ன வகுப்புப் பிள்ளைகளை ஏற்றுகிறவரை பள்ளிக்கூட வாசலை விட்டு நகர மாட்டான். பதினோரு வருஷமாக இதுதான் வழக்கம்.

பிரபாவதி அங்கே கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற வக்கீல் வெண்ணிலாவின் அலுவலகத்தில் டைப் அடிக்கிறவள். ‘மனுதாரர் மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளானார்’ என்ற வரியை மட்டும் ஆயிரம் தடவையாவது அடித்திருப்பாள். அப்போதும் அதே மாதிரி ஒரு வரியைத்தான் அடித்துக்கொண்டிருந்தாள். அப்படியே விட்டுவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

“இன்னாங்க, வண்டிக்கு எதுனா ஆயிடுச்சா?”

பூவரசன் செல்போனை நீட்டினான்.

விழுப்புரம் பக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கிற குடிப்பழக்க மறுவாழ்வு மையம் ஒன்றின் இணையப் பக்கம் அது. ‘எங்கள் வெற்றிக் கதைகள்’ என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே அருகருகே இரண்டு படங்கள். ‘சிகிச்சைக்கு முன்’ என்று போட்ட படத்தில் தாடி மண்டி, கன்னம் ஒட்டி, கண் சிவந்துபோன ஒரு ஆள். ‘சிகிச்சைக்குப் பின்’ என்ற படத்தில் அதே ஆள் மழுமழுவென்று சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் பூவரசன்தான்.

படங்களுக்கு அடியில் எழுதியிருந்ததை அவள் மூன்று தடவை படித்தாள். ‘செல்வகுமார் (பெயர் மாற்றப்பட்டுள்ளது), வயது 42, ஓட்டுநர். பதினான்கு ஆண்டுகள் மதுவுக்கு அடிமையாக இருந்தவர். மனைவியை அடித்த அதே கையால் இன்று மகளுக்குப் பள்ளிக்கூடப் பையை மாட்டிவிடுகிறார்.’

பெயரை மாற்றினார்களாம்! முகத்தைக் கொண்டுபோய் முச்சந்தியில் வைத்துவிட்டுப் பெயரை மட்டும் பத்திரமாக மூடி மறைத்து மரியாதை செய்திருந்தார்கள். பிரபாவதிக்குக் காது மடல் இரண்டும் சுட்டது. இந்த மனுஷன் அவளை அடிப்பதா? சண்டை வந்தால் இவள் கத்துவாள், அவன் வண்டியைத் துடைக்கப் போய்விடுவான். துடைத்துத் துடைத்தே வீட்டு டிவிஎஸ்-50இன் பெயிண்ட் உரிந்துவிட்டது.

“எவன் போட்டது இத? எங்கேர்ந்து வந்துச்சு?”

“தெரியல பிரபா. பேரன்ட்ஸ் குரூப்புல நேத்து யாரோ அனுப்பியிருக்காங்க. கரஸ்பாண்டன்ட் கூப்ட்டு வண்டிச் சாவிய வாங்கிக்கினாரு.” அவன் முதல் படத்தைத் தொட்டுக் காட்டினான். “அந்தத் தாடி... மாலை போட்டிருந்தப்ப எடுத்தது.”

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் கலைப்பிரியா டெங்குக் காய்ச்சலில் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். பிள்ளை பிழைத்து வந்தால் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுப்பதாக மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டான் பூவரசன். நாற்பத்தெட்டு நாள் மாலை போட்டு விரதம். ஒரு வேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை, முகத்தில் கத்தி படக்கூடாது. உத்திரத்தன்று காவடியோடு மலை ஏறி இறங்கியபோது, தூக்கமும் சோறும் இல்லாமல், சாம்பிராணிப் புகையில் கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. அப்போது எடுத்த படம் அது. டீயைக்கூடத் தொடாமல் இருந்த நாற்பத்தெட்டு நாளின் முகத்தைக் கொண்டுவந்துதான் குடிகாரன் முகம் என்று போட்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டிருந்த இன்னொரு படம் அதே வருஷம் கார்த்திகையில் மகளுக்குக் காது குத்தியபோது எடுத்தது.

அவள் வெண்ணிலாவிடம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கணவனைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

தாளாளர் பாண்டுரங்கன் நல்லவர் மாதிரி பேசுவதில் கெட்டிக்காரர். இரண்டு பேரையும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

“நான் நம்புறேம்மா. பூவரசன் குடிச்சி நான் பாத்ததே இல்ல. ஆனா நாப்பத்தியாறு புள்ளைங்க ஏறுற வண்டி. அவங்க அப்பா அம்மா நம்பணும் இல்லியா?”

“பதினோரு வருஷமா உங்க கண்ணு முன்னால ஓட்டிகினு இருக்காரு சார். உங்க கண்ண நம்ப மாட்டீங்க, எவனோ போட்ட படத்த நம்புவீங்களா?”

“வெப்சைட்ல சும்மா போடுவாங்களாம்மா? அதுவும் ஆஸ்பத்திரிக்காரங்க.” அவர் மேசை மேலிருந்த சாவியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். “ஒண்ணு பண்ணுங்க. இவரு எங்ககிட்ட வந்த ஆளு இல்லன்னு அவங்க அதே பக்கத்துல போடட்டும். அத நான் குரூப்புல அனுப்பிச்சிடறேன். திங்கக்கெழமைக்குள்ள ஆவணும். வானூர்லேர்ந்து ஒரு டிரைவரு வர்றேன்னு சொல்லியிருக்காரு. எத்தினி நாளைக்கு நானே ஆள் மாத்தி ஆள் வச்சி ஓட்டுவேன், சொல்லுங்க.”

குற்றம் செய்தவன் எவனோ. தான் செய்யவில்லை என்று நாலு நாளில் எழுதி வாங்கி வரவேண்டியவன் பூவரசன். இது என்ன நியாயம் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டால் சாவி வானூருக்குப் போய்விடும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இரண்டு படங்களையும் எடுத்தவர் திண்டிவனத்தில் ஸ்டுடியோவும் பேனர் அடிக்கிற கடையும் சேர்த்து வைத்திருக்கிற சக்கரபாணி. அந்த வட்டாரத்தில் ஒரு பிள்ளைக்குக் காது குத்தினாலும், ஒரு பெண்ணுக்கு மஞ்சள்நீர் ஊற்றினாலும், ஒருவர் செத்தாலும், சக்கரபாணி படம் எடுத்துப் பேனர் அடித்துச் சாலையோரத்தில் கட்டினால்தான் அது முறைப்படி நடந்ததாக அர்த்தம். வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததும் பிரபாவதி அவர் முன்னால் போய் நின்று செல்போனைக் காட்டினாள்.

சக்கரபாணி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அட, நம்ம படம்! பாத்தியாம்மா, ரெண்டு வருஷம் ஆயும் கலரு அப்பிடியே நிக்குது பாரு.”

அவரை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பாள். கலரைப் பற்றிப் பேசுகிற மனுஷனிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை.

“கலரு இருக்கட்டும். கீழ இன்னா எழுதியிருக்குதுன்னு படிங்க.”

படித்தார். கொஞ்சம் நெளிந்தார். “நான் எழுதலையேம்மா இத.”

“படம் எப்பிடிப் போச்சு?”

“விழுப்புரத்துல ராஜசேகர்னு ஒரு தம்பி. வெப்சைட் பண்றவன். நம்ம கடைக்கு ஒண்ணு பண்ணிக் குடுத்தான். காசு வேணாம்ணே, உங்ககிட்ட இருக்கற பழைய படம்லாம் குடுங்க, எனக்கு லோக்கல் முகம் வேணும்னான். எட்டு வருஷத்துப் படத்த ஒரு ஹார்டு டிஸ்க்ல போட்டுக் குடுத்தேன். தப்பா? நான் எடுத்த படம், என்னுது.”

“எடுத்தது நீங்க. அதுல இருக்கற மூஞ்சி யாருது?”

“மூஞ்சி அவருதுதான். நான் மூஞ்சியவா குடுத்தேன்? படத்தத்தானே குடுத்தேன்.”

எட்டு வருஷத்தில் எத்தனை பேர் படம் என்று பிரபாவதி கேட்டதற்கு, யார் எண்ணினார்கள் என்றார். யார் எவர் என்று அடையாளம் தெரிவதற்காக ஒவ்வொரு படத்துக்கும் பெயர் போட்டு வைப்பது அவர் வழக்கம். பூவரசனுடையது ‘டிரைவர் காவடி’, ‘டிரைவர் காதுகுத்து’. அந்த ராஜசேகர் கதை எழுதும்போது ஓட்டுநர் என்று எப்படிக் கண்டுபிடித்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வெண்ணிலாவிடம் விஷயத்தைச் சொன்னாள். வக்கீல் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அலமாரியிலிருந்து பதிப்புரிமைச் சட்டப் புத்தகத்தை எடுத்தார். இரண்டு பேரும் பதினேழாவது பிரிவைத் தேடிப் படித்தார்கள். கூலி கொடுத்து ஒருவர் படம் எடுக்கச் சொன்னால், வேறு விதமாக ஒப்பந்தம் ஏதும் இல்லாத பட்சத்தில், அந்தப் படத்தின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான் என்று இருந்தது. உத்திரத்தன்று படம் எடுக்கக் கூப்பிட்டதும் பிரபாவதிதான், காது குத்துக்குக் கூப்பிட்டதும் அவள்தான். இரண்டு ரசீதும் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தன. வக்கீல் நோட்டீஸை வெண்ணிலா சொல்லச் சொல்ல அடித்துப் பழகிய கை, அன்றைக்கு அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அடித்து முடித்தது. வெண்ணிலா படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் கோபத்தைக் குறைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை கணவனும் மனைவியும் விழுப்புரம் போனார்கள். புதிய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு ஸ்வீட் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது ராஜசேகரின் அலுவலகம். அவன் மீசை வைத்த முரட்டு ஆளாக இருப்பான், ஒரு பிடி பிடிக்கலாம் என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள் பிரபாவதி. இருந்ததோ இருபத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன். பூவரசனைப் பார்த்ததும் படத்தில் இருக்கிற ஆள் என்று தெரிந்துகொண்டு முகம் வெளுத்து எழுந்து நின்றான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். டீ சொல்லட்டுமா என்றான். குடும்ப மானத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டு இவ்வளவு மரியாதையாக ஒருத்தன் நடந்துகொண்டால் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“சாரி மேடம். சாரிண்ணே. இப்பவே தூக்கிடறேன். ரெண்டே நிமிஷம்.”

சொன்னபடி செய்தான். கம்ப்யூட்டரில் ஏதேதோ தட்டினான். பூவரசனின் இரண்டு படமும் பக்கத்திலிருந்து போயின. பிறகு அவன் இன்னொரு இடத்தைத் திறந்தான். திரை நிறைய சின்னச் சின்ன முகங்கள். திண்டிவனத்துக் காதுகுத்துகள், மயிலத்துக் கல்யாணங்கள், யார் வீட்டுத் தாத்தாவோ மாலைக்கு நடுவே. அதில் ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து காலியான இடத்தில் வைத்தான். அறுபது வயதிருக்கும், தோள் அகன்ற ஒரு மனுஷர். மரக்காணம் பக்கத்து மீனவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. பின்னால் கடல், புதுசாகப் பெயிண்ட் அடித்த படகு. புதுப் படகைக் கடலில் இறக்கிய அன்றைக்கு எடுத்தது போல. கழுத்தில் மாலை போட்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். ராஜசேகர் படகை வெட்டி எடுத்துவிட்டு மாலையை வெட்ட ஆரம்பித்தான்.

“நிறுத்துப்பா!” என்றாள் பிரபாவதி. போட்ட சத்தத்தில் அவன் கை மவுஸை விட்டுவிட்டது. “இன்னா பண்ற நீ?”

“உங்க படத்த எடுத்தாச்சே மேடம். அந்த எடம் காலியா இருக்கக் கூடாதுல்ல.”

“இவரு யாரு?”

“தெரியல மேடம்.”

“குடிப்பாரா?”

“தெரியல...”

“இவரு பொண்டாட்டி இத நாளைக்குப் பாத்தா இன்னா ஆவும்னு தெரியுமா? அதுவும் தெரியாது. எதுவுமே தெரியாம எப்பிடிப்பா அடுத்தவன் வாழ்க்கைய இவ்ளோ வெவரமா எழுதற? என்னிய அடிச்ச கையின்னு எழுதியிருக்கியே, அது எந்தக் கை? வலது கையா, எடது கையா? சொல்லு, நானும் தெரிஞ்சிக்கறேன்.”

ராஜசேகருக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம் என்று ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

“நான் வேணும்னு பண்ணல மேடம். மின்னாடி கூகுள்லேர்ந்துதான் படம் எடுத்துப் போட்டுகினு இருந்தேன். ஒரு தடவ ஒரு கேக்கு படம் போட்டதுக்கு ஃபாரின் கம்பெனிக்காரன் வக்கீல் லெட்டரு அனுப்பிச்சிட்டான். பேஜாராப் போச்சு. அன்னிலேர்ந்து நெட்டுல இருக்கற படத்தத் தொடறதே இல்ல. நம்ம ஊரு படம்னா யாரு கேக்கப் போறாங்கன்னு...”

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பிரபாவதி எழுந்தே விட்டாள். “எங்கியோ இருக்கறவன் கேக்கு படத்துக்குப் பயந்துக்குவ. அதுக்கு மரியாத உண்டு. கூட்டேரிப்பட்டுல இருக்கற மனுசன் மூஞ்சிக்குக் கேக்க நாதியில்ல, அப்பிடித்தானே? எல்லாரும் எடுத்துக்கலாம்னு ஃப்ரீயா குடுக்கற படம் இருக்குதாமே, வக்கீலம்மா சொன்னாங்க. அத எடுக்கறதுக்கு இன்னா?”

“அதுல ஃபுல்லா வெள்ளக்காரங்கதான் மேடம். வெள்ளக்காரன் தலையில கை வச்சிகினு சோகமா உக்காந்திருக்கற படத்தப் போட்டா இங்க எவன் வருவான்? நம்ம ஆளுங்க மூஞ்சியா இருக்கணும்னு மையத்துல கேட்டாங்க. எங்கிட்ட பேப்பர்லாம் கரெக்டா இருக்குது மேடம். சக்கரபாணி அண்ணன் எழுதிக் குடுத்திருக்காரு, பாருங்க.”

‘இதிலுள்ள அனைத்துப் படங்களின் முழு உரிமையையும் வழங்குகிறேன்’ என்று சக்கரபாணி கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து நீட்டினான். பிரபாவதி அதன் மேல் தன் நோட்டீஸை வைத்தாள்.

“படிச்சிப் பாரு. காசு குடுத்து எடுக்கச் சொன்னது நானு. ரசீது இருக்குது. படம் எனக்குச் சொந்தம். அவருக்கே சொந்தமில்லாதத அவரு எப்பிடி உனக்கு எழுதிக் குடுப்பாரு? அது படத்துக்கு. படத்துல இருக்கறவரக் குடிகாரன்னு எழுதனதுக்கு மானநஷ்டம், அது தனி.”

ராஜசேகர் நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தபோது, அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்த பூவரசன் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டான்.

“தம்பி, ஒண்ணு கேக்கணும். அந்தப் படத்துல நெத்தி நெறைய திருநீறு இருந்துச்சே. அத எப்பிடி அழிச்ச?”

“அது... ரெண்டு நிமிஷ வேலைண்ணே. பிரஷ்னு ஒண்ணு இருக்குது. பக்கத்துத் தோல எடுத்து அது மேல தேச்சா போயிடும்.”

“தோள்ல காவடி?”

“அத க்ராப் பண்ணிட்டேண்ணே.”

பூவரசன் தலையை ஆட்டிக்கொண்டான். நெற்றியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதைப் பார்த்ததும் பிரபாவதிக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரையே தூக்கி ஜன்னல் வழியாகப் போட்டிருப்பாள்.

“இந்த எடத்துல ஒரு படம் வேணும், அவ்ளோதானே?” என்றாள். “உன் படத்தப் போடு.”

“மேடம்?”

“ஏன், உனக்கு மூஞ்சி இல்லியா? நம்ம ஊரு மூஞ்சிதானே? தாடிகூட வளந்திருக்குது. ‘முன்’னுக்கு இப்ப ஒண்ணு எடு. ஷேவ் பண்ணிகினு வந்து ‘பின்’னுக்கு ஒண்ணு எடு. காப்பிரைட்டு பிரச்சனையே இல்ல. பேரத்தான் மாத்திடுவீங்களே.”

“ஐயோ, எனக்குப் பொண்ணு பாத்துகினு இருக்காங்க மேடம்!”

பூவரசன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். ராஜசேகர் தலையைக் குனிந்துகொண்டான்.

“மையத்துக்காரருக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போடு,” என்றாள் பிரபாவதி.

மையத்து மேனேஜர் போனில் ஜல்தியாக முடிக்கப் பார்த்தார். படத்தை எடுத்தாகிவிட்டது, அப்புறம் என்ன என்றார். பிரபாவதி ராஜசேகரிடம் கேட்டதையே அவரிடமும் கேட்டாள்: உங்கள் படத்தைப் போடுங்களேன், சார்.

“நான் எதுக்கும்மா? நான் கௌரவமா இருக்கற ஆளு.”

“அப்ப இவரு?”

மேனேஜர் மறுபடியும், படத்தைத்தான் எடுத்தாகிவிட்டதே என்றார்.

“வெற்றிக் கதைன்னு ஆறு பேரு கதை போட்டிருக்கீங்களே சார். அதுல எத்தினி பேரு நெசமாலுமே உங்ககிட்ட வந்து குணமானவங்க?”

“ஆரம்பிச்சே நாலு மாசம்தாம்மா ஆவுது. இனிமேதான் ஒவ்வொருத்தரா...”

ஒருத்தர்கூட இல்லை. ஆறு முகத்துக்கும் ஆறு பொய். குடியால் கெட்டுச் சீரழிகிற குடும்பங்கள் கண்ணுக்கு முன்னால் எத்தனையோ இருக்க, அதில் ஒன்றையாவது கரையேற்றிவிட்டுக் கதை எழுதலாம் என்று தோன்றவில்லை. கதையை முதலில் எழுதிவிட்டார்கள், குணப்படுத்துவது பிறகு. பிரபாவதி நோட்டீஸை வரி விடாமல் போனில் படித்துக் காட்டினாள். திங்கட்கிழமை கோர்ட்டு திறந்ததும் வழக்கு தாக்கல் ஆகும், கூடவே அந்த ஆறு கதையும் வக்கீல் மேசைக்கு வரும் என்றாள். மேனேஜரின் குரல் இறங்கியது. ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாகத் தவறான படம் இடம்பெற்றது’ என்று போட்டுவிடலாம் என்றார்.

“கம்ப்யூட்டரு தானா எழுந்து போயி எங்கூட்டுக்காரரு படத்தத் தூக்கிகினு வந்துச்சா? கோளாறும் இல்ல கீளாறும் இல்ல. நான் அடிச்சித் தர்றேன், அதப் போடுங்க.”

ராஜசேகரை எழுப்பிவிட்டு அவன் நாற்காலியில் அவளே உட்கார்ந்தாள். ‘இந்த இடத்தில் இருந்த இரண்டு படங்களில் உள்ளவர் எங்கள் மையத்தில் சிகிச்சை பெற்றவர் அல்லர். அவருக்குக் குடிப்பழக்கம் இருந்ததே இல்லை. தாடியோடு இருந்த படம் அவர் மயிலம் முருகனுக்கு விரதம் இருந்தபோது எடுத்தது. அவரையோ அவர் குடும்பத்தையோ கேட்காமல் எடுத்துப் போட்டோம். அவர் கதை என்று நாங்கள் எழுதியது எல்லாம் பொய். மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.’ மற்ற ஐந்து முகங்களும் ஐந்து கதைகளும் அவள் எதிரிலேயே பக்கத்தை விட்டுப் போயின. ஹார்டு டிஸ்க்கை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ராஜசேகர் இன்னொரு காப்பி எங்கே வைத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. இல்லை என்று சத்தியம் செய்தான், எழுதியும் கொடுத்தான்.

அந்தப் பக்கத்தை அன்றைக்கே பாண்டுரங்கனுக்கு அனுப்பினாள். அவரிடமிருந்து கட்டைவிரல் ஒன்று மட்டும் பதிலாக வந்தது. பெற்றோர் குரூப்பில் அவர் அதைப் போட்டபோது இரண்டு பேர் பார்த்ததாகக் காட்டிக்கொண்டார்கள். முதல் படத்தைத் ‘தகவலுக்காக’ என்று கைகூப்பிப் பரப்பியவர்களில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. குடிகாரன் என்றால் குரூப்பே எழுந்து உட்காரும். குடிக்காதவன் என்றால் எல்லாருக்கும் தூக்கம் வந்துவிடும்.

திங்கட்கிழமை விடிந்ததும் பாண்டுரங்கன் சாவியைக் கொடுத்தார். “இனிமே படம் கிடம் எடுக்கறப்ப ஜாக்கிரதையா இருப்பா,” என்று புத்தியும் சொன்னார். பூவரசன் சரிங்க என்று வாங்கிக்கொண்டான். அன்றைக்கு ஒரு நாள் தானும் கூட வருவதாகச் சொல்லிப் பிரபாவதி வேனில் அவனுக்குப் பின்னால் உள்ள சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

முதல் நிறுத்தத்தில் ஒரு அப்பா பிள்ளையை ஏற்றிவிட்டு, தினமும் பின் கதவோடு போய்விடுகிறவர், அன்றைக்கு டிரைவர் ஜன்னல்வரை வந்தார். குனிந்து, “எப்பிடி இருக்கீங்க பூவரசன்?” என்று கேட்டுவிட்டு மூக்கால் மோப்பம் பிடித்தார். அடுத்த நிறுத்தத்தில் ஒரு அம்மா. அவளும் ஜன்னலோரம் வந்து முகத்தைக் கிட்டே கொண்டுவந்து ஏதோ பேச்சுக் கொடுத்தாள். மூன்றாவது நிறுத்தத்தில் யாரும் வந்து கேட்பதற்கு முன்னால் பூவரசனே தலையை வெளியே நீட்டி, வணக்கம் சொல்கிற சாக்கில், வாயை அகலத் திறந்து மூச்சை விட்டான். பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பிரபாவதி, ஜெயித்து வந்ததாக நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். சாவியைத்தான் வாங்கி வந்திருக்கிறாள். அதற்கு மேல் ஒன்றும் வந்து சேரவில்லை.

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் காயத்ரி என்பவள் மகளோடு காத்திருந்தாள். மகளை ஏற்றிவிட்டவள் நேராக முன்னால் வந்து செல்போனைத் தூக்கிப் பிடித்தாள்.

“ஒரு நிமிஷம் இப்பிடித் திரும்புங்க டிரைவரண்ணே. குரூப்புல போடறேன். நல்லாத்தான் இருக்காருன்னு எல்லாரும் பாத்துக்கட்டும்.”

பூவரசனின் கை தானாகத் தலைமுடிக்குப் போனது. காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டான். யாராவது படம் எடுத்தால் சிரிக்க வேண்டும் என்று பழகிப்போன முகம், சிரித்தும் விட்டது.

பிரபாவதி சீட்டிலிருந்து எட்டி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, செல்போனின் கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள்.

“அவரக் கேட்டியாம்மா?”

“இன்னாக்கா, நல்லதுக்குத்தானே எடுக்கறேன்...”

“நல்லதோ கெட்டதோ. மொதல்ல கேளு.”

காயத்ரி சுற்றுமுற்றும் பார்த்தாள். டீக்கடையில் நின்றவர்கள் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். செல்போனைக் கீழே இறக்கிக்கொண்டாள். “ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாண்ணே?” என்றாள், கொஞ்சம் சின்னக் குரலில்.

இப்படி ஒரு கேள்வியைப் பூவரசனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை, பிரபாவதி உட்பட. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சாலையைப் பார்த்து யோசித்தான். சிரிப்பு முகத்தை விட்டுப் போயிருந்தது.

“வேணாம்மா,” என்றான்.

பிறகு கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.